வேலையை விட்ட பிறகு வரும் பணம்: 401(கே)-யில் போடலாமா?

அக்டோபர் 31-ல் வேலையை விட்டேன். கடைசிச் சம்பளமும் கமிஷனும் நவம்பரில் வரும். அமெரிக்காவில் சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் நிறுவனத் திட்டமான 401(கே)-க்கு அதிலிருந்து பிடிப்பார்களா?

பொதுவாகப் பிடிப்பார்கள். வேலையில் நீடித்திருந்தாலும் வந்திருக்க வேண்டிய பணம்தானே அது. அமெரிக்க வரி விதியில் இதற்கு ஒரு கெடு உண்டு: வேலையை விட்டு இரண்டரை மாதம், அல்லது அந்த ஆண்டின் முடிவு, இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். உங்களுக்கு ஜனவரி நடு வரை, மார்ச்சில் விட்டவருக்கு டிசம்பர் 31 வரை (காலண்டர் ஆண்டைப் பின்பற்றும் திட்டமாக இருந்தால்).

ஆறு மாதச் சம்பளம் செவரன்ஸாகத் தருகிறார்கள். அதையும் போடலாமா?

முடியாது. மறுநாளே கொடுத்தாலும் முடியாது. அது பார்த்த வேலைக்கான கூலி இல்லை, வேலை போனதற்கான தொகை. எடுக்காத விடுப்புக்கான பணம் மட்டும் திட்டத்தைப் பொறுத்தது. திட்ட ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பல வருடம் ஒத்திவைத்த சம்பளம் இனி 10 வருடத் தவணையாக வரப்போகிறது. 401(கே), ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) இரண்டிலும் போட ஆசை.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். திட்டம் அனுமதித்து, மேலே சொன்ன கெடுவுக்குள் வந்தாலும், நீங்கள் வேலையில் தொடர்ந்திருந்தாலும் அதே தேதியில் வந்திருக்கும் தவணைதான் 401(கே) கணக்கில் சேரும். வேலையை விட்டதால்தான் தவணையே தொடங்குகிறது என்றால் முதல் தவணைகூடச் சேராது, கெடு தாண்டி வரும் மற்றவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐஆர்ஏ-வுக்கும் இது சம்பாத்தியம் இல்லை. டபிள்யூ-2 படிவத்தின் (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) 1-ஆம் பெட்டியில் பெரிய தொகை இருக்கிறதே என்று நினைப்பீர்கள், அப்படியே ஒத்திவைத்த சம்பளத்தைக் காட்டும் 11-ஆம் பெட்டியையும் பாருங்கள், அதில் உள்ளதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் ஐஆர்ஏ-வுக்கு உங்கள் சம்பாத்தியம். ஒன்றும் மிஞ்சாமல் பணம் போட்டால், அதைத் திரும்ப எடுத்துச் சரிசெய்யும் வரை வருடத்துக்கு 6% வரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் கணவரோ மனைவியோ சம்பாதித்து, இருவரும் சேர்ந்து வரித்தாக்கல் செய்தால், அவருடைய வருமானத்தை வைத்து உங்கள் பெயரிலும் ஐஆர்ஏ போடலாம். பலருக்கு இந்த வழி தெரிவதே இல்லை.

பல்கலைக்கழகத்தில் எனக்கு இருப்பது 403(பி), கல்வி நிறுவனங்கள் போன்றவற்றில் உள்ள இதேபோன்ற திட்டம். அதற்கும் இதேதானா?

உங்கள் சம்பளத்திலிருந்து போடுவதற்கு இதே விதிதான். ஆனால் நிறுவனம் விரும்பினால், நீங்கள் விலகிய ஆண்டுக்குப் பிறகும் 5 வரி ஆண்டுகள் வரை தன் பங்காகப் போடலாம். ஓய்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.