அபராதத் தவணை தவறிப்போனால் (டெக்சாஸ்)

வேலை போனதால் ஸ்பீடிங் அபராதத்தின் தவணையைக் கட்டவில்லை, நகர நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, நேரில் போனால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள் நண்பரே. தைரியமாகப் போங்கள். போகாமல் இருப்பதில்தான் ஆபத்து.

கட்ட வழியில்லாதவரை அபராதத்துக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1971-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே ஹூஸ்டன் டிராஃபிக் அபராதங்களால் வந்ததுதான். இப்போது டெக்சாஸ் சட்டப்படி, வாரண்ட் போடுவதற்கு முன் ஏன் கட்டவில்லை என்று விசாரிக்க நீதிமன்றம் ஒரு நாள் குறிக்க வேண்டும். கடிதத்தில் அந்தத் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அன்றைக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரலாம், லைசென்ஸ் புதுப்பிப்பும் நின்றுபோகலாம்.

வேலை போன கடிதம், பேங்க் ஸ்டேட்மெண்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். “முடியவில்லை” என்று சொல்வதோடு நிறுத்தாமல், மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் சமூக சேவை கேட்கலாம்: 8 மணி நேர வேலைக்குக் குறைந்தது 100 டாலர் கழியும். நிலைமை ரொம்ப மோசமென்றால் தள்ளுபடி செய்யவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

அப்புறம், தீர்ப்பான 31ஆம் நாளிலிருந்து கட்டினால் 15 டாலர் கூடுதல் கட்டணம். அது பெரிதில்லை. பாக்கி 60 நாள் தாண்டி வசூல் ஏஜென்சிக்குப் போனால் 30 சதவீதம் ஏறலாம், அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.