நின்றால் விட்டுப்போகும் வலி

கேள்வி: வயது 67. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கடலூர் திருப்பாதிரிப்புலியூர். 15 வருடமாகச் சர்க்கரை, கூடவே பி.பி. முட்டியில் 'கடக் கடக்' என்று சத்தம், ராத்திரியில் கால் நரம்பு இழுக்கிறது, பெயர்கள் மறக்கின்றன. முன்பு தினமும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடப்பேன். இப்போது நாலு தெரு தாண்டினால் வலது கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது. நடப்பதையே நிறுத்திவிட்டேன். மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போடுகிறேன். கொழுப்பு மாத்திரை தசையை அரிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து அதை விட்டுவிட்டேன். சிகரெட்டைக் குறைத்துவிட்டேன். படுத்த படுக்கையாகி மருமகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயம். 'பாசிட்டிவாக இருங்கள்' என்கிறார்கள், எப்படி இருப்பது?

பதில்: முட்டிச் சத்தத்தை விடுங்கள், வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தால் ஒன்றும் ஆகாது. மறந்த பெயர் சாயங்காலம் காபி குடிக்கும்போது ஞாபகத்துக்கு வந்தால் அது வயசு. வீட்டுக்குத் திரும்பும் வழி மறந்தால் வாருங்கள், பார்க்கலாம். ராத்திரி இழுப்புக்குப் படுக்கும் முன் கெண்டைக்காலை நன்றாக நீட்டி மடக்குங்கள்.

நான் இரண்டு முறை படித்த வரி, நாலு தெரு தாண்டினால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்பதுதான். முட்டித் தேய்மானம் இப்படி நடந்துகொள்ளாது. எழுந்து முதல் அடி வைக்கும்போதும் படி இறங்கும்போதும் வலிக்கும். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினால் உட்கார வேண்டும், குனிய வேண்டும். சும்மா நின்றால் அடங்காது. ஏறக்குறைய அதே தூரத்தில் பிடித்து, நின்ற சில நிமிடங்களில் விடுவது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதன் அடையாளம். நடக்கும்போது தசை கேட்கிற ரத்தம் வந்து சேருவதில்லை, அவ்வளவுதான். சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்தால் இது வராமல் இருப்பதுதான் ஆச்சரியம். காலில் அடைப்பு இருந்தால் இதயத்திலும் இருக்கலாம் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இந்த வாரமே போய்ப் பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலிலும் கையிலும் பி.பி. எடுத்து ஒப்பிடுவார்கள், கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்து வரும் விகிதம் 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. நாள்பட்ட சர்க்கரையில் குழாய் விறைத்து, எண் நல்லபடியாகக் காட்டி ஏமாற்றும். அப்போது ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவைப்படும். கூடவே ஈ.சி.ஜி. பக்கத்திலேயே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. வீடியோவில் தேட வேண்டாம்.

அந்த வீடியோக்காரருக்கு உங்கள் காலைத் தெரியாது. எந்த நோய்க்குக் கொழுப்பு மாத்திரை மிகவும் தேவையோ, அதே நோய் வந்திருக்கும் நேரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். சிலருக்குத் தசைவலி வரும், உண்மை. அதற்கு அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டு மறுபடி தொடங்குங்கள். மெடிக்கல் கடை வலி மாத்திரை அடைப்பை ஒன்றும் செய்யாது. சர்க்கரைக்காரர் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும், பி.பி.யை ஏற்றும். இன்றோடு நிறுத்துங்கள். சிகரெட்டைக் குறைத்ததெல்லாம் கணக்கில் வராது. அடியோடு விடுங்கள்.

சரி, படுக்கை பயத்துக்கு வருகிறேன். வலிக்குப் பயந்து உட்கார்ந்தால்தான் படுக்கை சீக்கிரம் வரும்; இருக்கிற தசையும் கரைந்துவிடும். இந்த நோய்க்கு நடையே ஒரு மருந்து. இதயத்தைப் பார்த்த டாக்டர் சரி என்றதும் தொடங்குங்கள். வலி ஓரளவு கடுமையாகும் வரை நடங்கள், நில்லுங்கள், முழுக்க விட்டதும் மறுபடி நடங்கள். நிற்கிற நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாளாவது. மூன்று மாதத்தில் பலருக்குத் தூரம் கூடுகிறது. நெஞ்சு அடைத்தால் அன்றைக்கு நடை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

தேவனாம்பட்டினத்துக்கே போங்கள், ஆனால் மணலில் வெறுங்காலோடு வேண்டாம். சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சிப்பி குத்தியது வீட்டுக்கு வந்தும் தெரியாது. பிரதோஷத்துக்குப் பாடலீஸ்வரர் கோயிலில் வெயிலில் காய்ந்த கல்தளத்தைச் சுற்றிவந்து, உள்ளங்காலில் கொப்புளத்தோடு மறுநாள் வருகிறவர்களை நான் பார்க்கிறேன். தரை ஆறிய பிறகு சுற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

பாசிட்டிவாக இருக்கச் சொல்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு ஷூவை மாட்டுங்கள். உற்சாகம் வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் பேரப்பிள்ளையிடம் டார்ச்சைக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை. புண் முற்றிக் கால் எடுக்கப்பட்ட மாமனாரைப் பார்த்துக்கொள்வதுதான் பாரம்.

படுத்தால் பாதம் வலித்து, தொங்கவிட்டால் குறைகிறதா? விரல் கறுக்கிறதா, புண் ஆறவில்லையா? அன்றைக்கே வாருங்கள். கால் திடீரெனச் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.