வாயுவும் திண்மப் பரப்பும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): பரப்பு கவர்தலும் உறிஞ்சுதலும் ஒன்றுதானே?

இல்லை. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தில் ஈரம் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. அது பரப்பு கவர்தல். நீரற்ற கால்சியம் குளோரைடில் ஈரம் உள்ளே வரை போய்விடும். அது உறிஞ்சுதல்.

கேள்வி (ஆய்வு மாணவி): கரித்தூள் மீது கார்பன் டை ஆக்சைடை அளந்தேன். அழுத்தம் ஏற ஏற எவ்வளவு வாயு ஒட்டும் என்று சொல்லும் லாங்மூர் சமன்பாட்டோடு ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 வருகிறது. வாயு ஒரு மூலக்கூறு தடிமனில் ஒற்றை அடுக்காகப் படிகிறது என்று எழுதிவிடலாமா?

தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். லாங்மூரின் 1918 மாதிரி மூன்று அனுமானங்களில் நிற்கிறது: இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி, ஓர் இடத்துக்கு ஒரு மூலக்கூறு, பக்கத்து மூலக்கூறு இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. சமநிலை மாறிலி ஒரு பாருக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 பாரில் பாதி இடம் நிரம்பும், 9 பாரில் 90 சதவீதம். 99 சதவீதம் வேண்டுமென்றால் 99 பார் போக வேண்டும். இப்படி விறுவிறுவென்று ஏறி அப்புறம் தட்டையாகும் தரவு எதுவானாலும் இந்தக் கோட்டில் ஓரளவு உட்கார்ந்துவிடும். கரியின் நுண்துளைகள் நிரம்பி முடிந்தாலும் கோடு தட்டையாகத்தான் செய்யும். அதற்கும் ஒற்றை அடுக்குக்கும் சம்பந்தமில்லை.

மூன்று வெப்பநிலைகளில் அளந்து, கிளாசியஸ்-கிளாபெரான் வழியில் (வெப்பநிலையோடு அழுத்தம் மாறும் விதத்தை வைத்து) கவர்தல் வெப்பத்தை, அதாவது வாயு ஒட்டும்போது வெளிவரும் வெப்பத்தைக் கணக்கிடுங்கள். வாயு ஏற ஏற அந்த வெப்பம் குறைந்தால், வலுவான இடங்கள் முதலில் நிரம்புகின்றன. அப்போது முதல் அனுமானமே விழுந்துவிடுகிறது. ஆய்வேட்டில் அந்த வரைபடத்தைப் போடுங்கள்.

கேள்வி: ஒரு கிராம் கரிக்கு 1000 சதுர மீட்டர் பரப்பு என்கிறார்கள். நம்பலாமா?

கணக்கைப் பாருங்கள். 77 கெல்வினில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டரை மறைப்பதாகக் கொள்வார்கள். 1000 சதுர மீட்டரை ஓர் அடுக்கு போர்த்தச் சுமார் 0.29 கிராம் நைட்ரஜன் வேண்டும். அவ்வளவு உள்ளே போகிறது என்பது உண்மை. அது அடுக்காகப் படிந்ததா, துளையை அடைத்ததா என்பதை 1938-இல் வந்த பி.இ.டி. சமன்பாடு (வாயு அடுக்கடுக்காகப் படிவதாகக் கொண்டு பரப்பைக் கணக்கிடுவது) பிரித்துச் சொல்லாது. அதனால் நுண்துளைப் பொருளில் அந்த எண்ணை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கணினி உருவகப்படுத்தல் செய்பவர்): சோடியம் சியோலைட்டில் (சோடியம் அயனிகள் உள்ள நுண்துளைக் கனிமம்) மாண்டி கார்லோ, அதாவது தற்செயல் நகர்வுகளால் செய்யும் உருவகப்படுத்தல் ஓட்டினேன், லெனார்டு-ஜோன்ஸ் விசை (மின்சுமை சேராத ஈர்ப்பும் விலக்கமும்) மட்டும். கார்பன் டை ஆக்சைடு அளவு சோதனையைவிட மிகக் குறைவு. ஏன்?

மின்சுமைகளை விட்டுவிட்டீர்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு இருமுனைத் திருப்புத்திறன் (ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்ற மின்சுமைப் பிரிவு) இல்லைதான். நான்முனைத் திருப்புத்திறன் (நடுவில் நேர், இரு முனையிலும் எதிர் மின்சுமை) நன்றாகவே உண்டு. சோடியம் அயனி அதைத்தான் பிடித்து வைக்கிறது. அணுக்களுக்குப் பகுதி மின்சுமை கொடுத்து, தொலைவில் உள்ள மின்சுமைகளின் விசையையும் சேர்க்கும் ஏவால்ட் கூட்டலோடு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: பிளாட்டினம் படிகத்தின் 111 என்ற முகத்தில் கார்பன் மோனாக்சைடு மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள குழியில்தான் உட்காரும் என்று என் டி.எஃப்.டி. (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் காணும் குவாண்டம் முறை) கணக்கு சொல்கிறது. சரியா?

சரியில்லை. வாயு குறைவாகப் படிந்திருக்கும்போது அது ஒரு பிளாட்டினம் அணுவின் உச்சியில் நிற்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வழக்கமான ஃபங்ஷனல்கள் (டி.எஃப்.டி.யில் பயன்படும் தோராயச் சூத்திரங்கள்) மூலக்கூறின் காலி ஆர்பிட்டாலின் ஆற்றலைத் தாழ்வாக வைப்பதால், உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வருவது மிகையாகி, குழி சாதகமாகத் தெரிகிறது. உச்சியில் வைத்தும் மூலக்கூறின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, அகச்சிவப்பு அளவீட்டோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.