மேஜிக் ஸ்பான்ஜ் தேய்த்துக் கன்னம் சிவந்தால்…

கேள்வி: சுவர்க் கிறுக்கலைத் துடைக்க வெள்ளை நிற மேஜிக் ஸ்பான்ஜ் வாங்கினேன். என் நான்கு வயது மகன் கன்னத்தில் இருந்த ஸ்கெட்ச் கறையை அதை வைத்தே தேய்த்துவிட்டான். சிவந்துபோய், எரிகிறது என்று அழுதான். அதில் ஃபார்மலின் இருக்கிறது, புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வேறு. தூக்கமே இல்லை, டாக்டர்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் நிம்மதியாக இருங்கள் அம்மா. உங்கள் பிள்ளைக்கு ஏற்பட்டது விஷம் அல்ல, சிராய்ப்பு.

அந்த ஸ்பான்ஜ் மெலமைன் நுரையால் ஆனது. கைக்கு மெத்தென்று இருந்தாலும், மிக நைசான உப்புத்தாள் போலத்தான் வேலை செய்கிறது. கறையைச் சுரண்டி எடுக்கிறது. சுவரையே சுரண்டுவது குழந்தையின் கன்னத்தை விடுமா?

ஃபார்மலின் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. 2018-இல் சென்னையில் மீனில் ஃபார்மலின் என்று எழுந்த பீதியை நாம் மறக்கவில்லை. ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். இந்த நுரையைத் தயாரிக்கவும் ஃபார்மால்டிஹைடு தேவைதான். ஆனால் மெலமைனோடு சேர்ந்து அது வேறு பொருளாகிவிடுகிறது. வெந்த இட்லியிலிருந்து உளுந்தைத் தனியாகப் பிரிக்க முடியாதல்லவா, அதுபோல. ஒருமுறை தேய்த்ததால் புற்றுநோய் வராது. ஆனால் இந்த ஸ்பான்ஜைக் கொதிக்க வைக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ வேண்டாம்.

சிவந்த இடத்தைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் கழுவி, மெல்லியதாக வாசலின் தடவுங்கள். டூத்பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஓரிரு நாளில் ஆறிவிடும். கொப்புளம் வந்தாலோ, நீர் கசிந்தாலோ நேரில் காட்டுங்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: அந்த ஸ்பான்ஜில் ஆசிட், பினாயில் ஏதாவது ஊறியிருந்ததா? இருந்திருந்தால் கதை வேறு. அது ரசாயனப் புண். அப்படிப்பட்ட நேரத்தில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்குக் கவலை தருவது சிங்க் ஓரத்தில் எப்போதும் ஈரமாகக் கிடக்கும் பாத்திர ஸ்பான்ஜ்தான். 2017-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் பயன்படுத்திய 14 ஸ்பான்ஜ்களைப் பரிசோதித்தார்கள். அடிக்கடி சுத்தம் செய்தவற்றில்கூடக் கிருமிக் கூட்டம் குறைந்திருக்கவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காயவே காயாது. பிழிந்து தொங்கவிடுங்கள், ஓரிரு வாரத்தில் மாற்றுங்கள், மீன், கோழி கழுவிய இடத்தை அதால் துடைக்காதீர்கள். கம்பி நாரில் இழை உதிரத் தொடங்கியதும் தூக்கி எறியுங்கள். சோற்றோடு போய்த் தொண்டையில் குத்தும்.

மேஜிக் ஸ்பான்ஜைப் பையனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்; பிய்த்து வாயில் போட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். முகத்தில் ஸ்கெட்ச் கறை என்றால் பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.