ஞாயிறு கும்மாளம், திங்கள் படபடப்பு

வார இறுதிக் குடிக்குப் பிறகு திங்கட்கிழமை வந்த படபடப்பைப் பற்றித் தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தொண்டை கட்டியது கேரம் போர்டைச் சுற்றி நின்று கத்தியதால். உடம்பு வலி, இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டதால். திங்கட்கிழமை யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு கிடந்தது மனநோய் அல்ல. குடி இறங்கும்போது மனசும் கூடவே இறங்கும். இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். உங்கள் நீளக் கடிதத்தின் கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: 'அப்பா 49 வயசுல ஹார்ட் அட்டாக்ல போனார். 34 வயசுல எனக்கும் அதேதானா?'

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. உங்களுக்கு நடந்தது இதயத்தின் மின் இணைப்பில் கோளாறு போலத் தெரிகிறது. திங்கள் மதியம் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி ஆரம்பித்து, நான்கு மணி நேரம் தாளம் தப்பி அடித்து, தானாக அடங்கியிருக்கிறது. வலியோ மயக்கமோ இல்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' ஆக இருக்கலாம். விடுமுறைக் குடிக்குப் பின் வருவதால் 1978-லேயே இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு இரவும் ஆளுக்கொரு குவார்ட்டர் என்கிறீர்கள். 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். அது சிறுநீரை அதிகமாகப் போக வைத்து உடம்பைக் காய வைக்கும், பொட்டாசியம், மெக்னீசியத்தைக் குறைக்கும், அட்ரினலினை ஏற்றிவிடும். தூக்கமின்மையும் சேர்ந்தால் மேலறையின் மின்னோட்டம் தடுமாறும். பெரும்பாலும் குடிக்கும்போது தெரியாது; மறுநாள் அமைதியாகப் படுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். நீங்கள் சாப்பிட்ட அத்தோ நூடுல்ஸையும் காசிமேட்டு வஞ்சிர மீனையும் சந்தேகப்பட வேண்டாம். 'இனி பீர் மட்டும்தான்' என்று சமாதானமும் சொல்லிக்கொள்ள வேண்டாம்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றரை குடித்தால் அதே குவார்ட்டர்தான்.

மறுபடி துள்ளினால் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே வையுங்கள். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தாளம் தப்பிய நாடியில் கணக்கு தப்பும்; ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணும் அப்படித்தான். ஒரே சீராக ஓடி, இடையில் ஒரு துடிப்பு விட்டு அடுத்தது 'தொம்' என்று விழுந்தால் பெரும்பாலும் பயமில்லை. வேகமாக, ஆனால் சீராக இருந்து மெல்ல மெல்லக் குறைந்தால் அனேகமாகப் பதற்றம். எந்த ஒழுங்கும் இல்லாமல் கன்னாபின்னாவென்று அடித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 120-ஐத் தாண்டினாலோ, அது அடங்குவதற்குள் இசிஜி எடுக்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடங்கிய பிறகு எடுக்கும் இசிஜி 'நார்மல்' என்று வரும், காரணம் புரியாது.

ஆரம்பித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். 48 மணி நேரத்தைத் தாண்டினால் நடுங்கும் மேலறையில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். சிகிச்சை முறையே அந்த நேரத்தை வைத்து மாறும். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சில் பாறாங்கல் வைத்த அழுத்தம், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை தளர்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாடியை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்களைத் திட்ட வேண்டிய இடம். சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டு, நண்பரின் 'படபடப்பு மாத்திரை' ப்ரோப்ரனலால் போட்டிருக்கிறீர்கள்! மூச்சுக்குழாயைச் சுருக்கி மீண்டும் வீசிங்கைக் கிளப்பக்கூடிய மருந்து அது. அதோடு வெறும் வயிற்றில் இரண்டு அசிக்ளோஃபினாக் வலி மாத்திரை. குடித்துப் புண்ணான இரைப்பையில் ரத்தம் கசிய அது போதும். தண்ணீரும் ஒரு லிட்டருக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டும் போதுமான இடத்தில் இத்தனை மாத்திரை எதற்கு?

இணையத்தைப் பார்த்து 'ஹார்ட் பிளாக்' என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். ஹார்ட் பிளாக்கில் துடிப்பு மந்தமாகும், இப்படித் தறிகெட்டு ஓடாது. அது மின் சமிக்ஞை தடைபடுவது; ரத்தக்குழாய் அடைப்பு வேறு.

அப்பாவின் கதை இருப்பதால் சும்மா விடவும் மாட்டேன். இந்த வாரமே இசிஜி, எக்கோ எனும் இதய ஸ்கேன், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, பொட்டாசியம், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இந்த மேலறை நடுக்கம் வரும், இளம் வயதில் அதைத் தேடாமல் விடக்கூடாது. முடிவு வரும்வரை ஒரு சொட்டு வேண்டாம். இசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது, சில மாதங்களில் மங்கிவிடும். கையில் வாங்கியதுமே போனில் படம் எடுத்துவிடுங்கள்.