வைக்கோலிலிருந்து நொதி: நம்ம ராமநாதபுரம் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

திருவாடானை விவசாயி: வைக்கோலை அரைத்துப் பிழிந்தால் நொதி கிடைக்கும் என்கிறார்கள். நிஜமா சார்?

கிடைக்காது அண்ணே. நொதி (என்சைம்) என்பது உயிர்கள் உண்டாக்கும், வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது, அன்னாசித் தண்டில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அவற்றை நேரடியாக எடுக்கலாம். காய்ந்த வைக்கோல் அப்படியில்லை, அது பூஞ்சைக்குத் தீனி. அதைக் கரைத்துத் தின்னப் பூஞ்சை வெளிவிடும் செல்லுலேஸ், சைலனேஸ் போன்ற நொதிகளைத்தான் நாம் கழுவி எடுக்கிறோம். செல்லுலேஸ் தொழிலில் பேர்போன டிரைக்கோடெர்மா ரீசி, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத்தை அரித்த பூஞ்சையின் வம்சம்.

ராமநாதபுரம் கல்லூரி மாணவி: புராஜெக்டுக்குச் செய்து பார்க்க வேண்டும். முறையைச் சொல்லுங்கள் சார்.

வைக்கோலைப் பொடியாக நறுக்கி, நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, காரம் போகும்வரை அலசுங்கள். வைக்கோலில் லிக்னினும் (நாரை இறுக்கிப் பிடிக்கும் கெட்டிப் பொருள்) சிலிக்காவும் (மணலில் உள்ள பொருள்) அதிகம், இதைச் செய்யாவிட்டால் பூஞ்சைக்குப் பிடி கிடைக்காது. வெறும் வைக்கோலில் தழைச்சத்து போதாது என்பதால் கோதுமைத் தவிடு கலக்க வேண்டும். ஈரம் 60 முதல் 65 சதவீதம் இருக்கட்டும். கையில் எடுத்து இறுக்கினால் விரலிடுக்கு நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் டிரைக்கோடெர்மா பூஞ்சை வித்தைக் கலந்து, 28 முதல் 30 டிகிரியில் 5 முதல் 7 நாள் விடுங்கள். நம் ஊரில் சறுக்குவது இங்கேதான். வளரும் பூஞ்சை தானே சூடு கிளப்பும். சித்திரை வெயிலும் சேர்ந்தால் குவியலின் நடுவே பூஞ்சை சுருண்டுவிடும். தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். அப்புறம் பி.எச். 5-க்குப் பக்கத்தில் உள்ள சிட்ரேட் கரைசலை ஊற்றிக் குலுக்கி, துணியில் வடிகட்டினால் கச்சா நொதி தயார். உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

அதே மாணவி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. பரவாயில்லையா?

முதல் அலசலுக்குச் சரி. கடைசி அலசலுக்கும் நொதி எடுப்பதற்கும் காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது.

உச்சிப்புளி தோப்புக்காரர்: தேங்காய் நார்க்கழிவு மலைபோல் குவிந்து கிடக்கிறது. உதவுமா?

டிரைக்கோடெர்மாவுக்கு உதவாது, லிக்னின் அதற்குச் செரிக்காது. சிப்பிக் காளானுக்குச் செரிக்கும். அது விடும் லாக்கேஸ் என்ற நொதி சாயக் கழிவுநீரின் நிறத்தைப் போக்கவும், ஜீன்ஸ் துணி வெளுக்கவும் பயன்படுகிறது. என்னைக் கேட்டால், காளான் வளர்ப்பவர்கள் அறுவடை முடிந்து தூக்கியெறியும் படுக்கையில்தான் முதலில் கை வைப்பேன். அதில் லாக்கேஸ் மிச்சமிருக்கும். ஊறவைத்து வடித்து, குவயக்கால் என்ற வேதிப்பொருள் சேர்த்துச் செம்பழுப்பாக மாறுகிறதா பாருங்கள்.

ஏர்வாடி இல்லத்தரசி: வெல்லம் 1, பழத்தோல் 3, தண்ணீர் 10 பங்கு போட்டு மூன்று மாதம் வைக்கிறோமே அண்ணா, அதுவும் நொதிதானே?

பேர்தான் நொதி, தங்கச்சி. பெரும்பாலும் அது வினிகர் மாதிரியான புளித்த அமிலக் கரைசல். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி இளைஞர்: மாடித் தட்டுகளில் செய்து கம்பெனிக்கு விற்கலாமா அண்ணே?

அந்தக் கணக்கு ஒத்துவராது தம்பி. கம்பெனி லிட்டர் கணக்கில் வாங்காது. ஒரு மில்லியில் எத்தனை அலகு செயல்திறன் என்று கேட்கும், ஒவ்வொரு தடவையும் அதே அளவு வர வேண்டும் என்றும் கேட்கும். ராட்சதத் தொட்டிகளில் தயாரிப்பவர்களோடு தட்டை வைத்துப் போட்டிபோட முடியாது. அதுபோக, மானாவாரிச் சீமையில் மழை பொய்த்த வருஷம் வைக்கோல் எப்படிக் கழிவாகும்? மாடு காத்துக்கொண்டிருக்கும். வயலில் எரிக்கிற பருத்திமாரை வேண்டுமானால் பாருங்கள். அதிலும் வடித்ததை உள்ளூரிலேயே பயன்படுத்தும் ஆள் கிடைத்த பிறகு இறங்குங்கள்.

மண்டபம் வாசகர்: வடித்த நொதியைக் கருவாடு மாதிரி வெயிலில் காயப்போட்டுப் பொடியாக்கலாமா?

கூடாது. நொதி ஒரு புரதம், வெயில் சூட்டில் செயலிழக்கும். ஐஸில் வைத்து அமோனியம் சல்பேட் போட்டால் வீழ்படிவாக இறங்கும், அதை எடுத்துக் குளிரில் வையுங்கள். பொடியாக்குவதில் வேறு ஆபத்தும் உண்டு. 1960-களின் கடைசியில் பிரிட்டனில் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு நொதித் தூசியால் ஆஸ்துமா வந்தது. அதன் பிறகுதான் நொதியை மேற்பூச்சுள்ள குருணையாக்கினார்கள். பூஞ்சைத் தட்டைத் திறக்கும்போதும் முகக்கவசம் போடுங்கள். கடலைத் தோலிலோ புண்ணாக்கிலோ மஞ்சள்பச்சையாக வேறு பூஞ்சை படர்ந்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், மாட்டுக்கும் கொடுக்காமல் குழியில் போட்டு மூடிவிடுங்கள்.