தூக்கம் போன ஆறு வாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை எட்டு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம் அப்பா போய்விட்டார். கடைசியாக முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அந்த வருடக் கடைசியில் எனக்கு மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் கொடுத்தார். மூன்று மாதத்தில் மறுபடி மனுஷியானேன். அதன்பிறகு டாக்டரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கி இரண்டரை வருடம் சாப்பிட்டேன்.

“நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு? மாத்திரைக்கு அடிமையாயிட்டே” என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் உறுத்தியது. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நிறுத்திவிடலாம் என்றார். பத்து நாள் அப்படிச் செய்து நிறுத்திவிட்டேன். நான்காம் நாளிலிருந்து கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் வெட்டியது. தலைசுற்றல், குமட்டல். அவை இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிட்டன. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. இன்றோடு ஆறு வாரம். பதினோரு மணிக்குப் படுத்தால் இரண்டு, மூன்று ஆகிவிடுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கண்ணயர்ந்தால் அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கோடு வாசலில் வந்து நிற்கிறார். திதி சரியாகக் கொடுக்கவில்லை, அதனால்தான் என்கிறார் மாமியார். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை என்று நாத்தனார் அல்பிரசோலம் பாதி மாத்திரை கொடுத்தார். ஏழெட்டு நாள் போட்டுவிட்டுப் பயந்து விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒருநாள் விடியற்காலையில், இப்படியே எழுந்திருக்காமல் போய்விட்டால் தேவலை என்று தோன்றியது. பழைய நோய் திரும்பிவிட்டதா ஐயா? ஆயுள் முழுக்க மாத்திரைதானா? எனக்கு மனத்திடமே கிடையாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். எழுந்திருக்காமல் போய்விட்டால் தேவலை என்ற எண்ணம் ஒரே ஒருமுறைதான் வந்தது, வந்து போய்விட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். இருந்தாலும் இன்றைக்கே உங்கள் கணவரிடம் அதைச் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் அந்த எண்ணம் மறுபடி வந்தால் எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவு மூன்று மணிக்கும் ஆள் இருப்பார்கள். அந்த எண்ணம் வலுத்தால், அல்லது தனியாக இருக்கவே பயமாக இருந்தால், வீட்டில் யாரையாவது எழுப்பி உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றதையெல்லாம் இதைச் செய்துவிட்டு வாசித்தால் போதும்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் இந்த வழியாக நானும் நடந்திருக்கிறேன். 2009இல், உங்கள் மாத்திரையின் வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டினை ஒன்றரை வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம். ஊரில் கொடைக்குப் போனபோது மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. சரி, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இரவு திருநெல்வேலியிலிருந்து திரும்பும் பேருந்தில், ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம் நீங்கள் சொல்லும் அதே வெட்டு. பக்கவாதம் வரப்போகிறது என்று நினைத்து இறங்கியதும் நேராக ஸ்கேன் எடுக்கப் போனேன். மூளையில் ஒன்றும் இல்லை. அங்கிருந்த மருத்துவர் “பழைய வியாதிதான், டோஸை ஏற்ற வேண்டும்” என்றார். தூக்கமில்லாமல் ஒரு மாதம் போனபிறகு பார்த்த இன்னொரு மருத்துவர் ஒரு காகிதத்தைத் தள்ளி, “தேதிகளை மட்டும் எழுதுங்கள்” என்றார். கடைசி மாத்திரை எந்தத் தேதி, முதல் வெட்டு எந்தத் தேதி, தூக்கம் கெட்டது எந்தத் தேதி. எழுதி முடித்ததும் எனக்கே விஷயம் புரிந்துவிட்டது.

உங்கள் தேதிகளையும் அப்படி வைத்துப் பாருங்கள். மனச்சோர்வு திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் மெல்லத்தான் வரும். நிறுத்திப் பல வாரமோ மாதங்களோ கழித்து, முதலில் ஆர்வம் வடியும், பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். உங்களுக்கு நான்காம் நாளே தொடங்கியது. எஸ்சிட்டலோப்ராம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். நான்கு நாளில் அநேகமாக வடிந்துவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் உங்கள் தலையில் கரண்ட் வெட்டியிருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். 2021இல் உங்களுக்குத் தலைக்குள் வெட்டு இருந்ததா? குமட்டல் இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பழைய நோயில் இல்லாத ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றால் அது அநேகமாக மாத்திரையை விட்டதால் வந்தது. தூக்கமின்மையும் படபடப்பும் இரண்டிலுமே வரும் என்பதால்தான் குழப்பம். மாத்திரையை விட்டபிறகு வரும் பதற்றம் பழைய நோயின் குரலிலேயே பேசும். ‘பார், நீ மறுபடி அதேதான்’ என்று சொல்லும். நானும் அதை நம்பித்தான் ஒரு மாதம் தொலைத்தேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற யோசனையை உங்கள் தோழி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். நம் ஊரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதில் மருந்தின் அளவு தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மூளைக்கு அது மெதுவான இறக்கமாகத் தெரிவதில்லை, ஊஞ்சலாகத்தான் தெரியும். அதைவிட முக்கியமானது கடைசிப் படி. 2019இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் இதை விளக்கினார்கள். மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் செரோடோனின். இந்த வகை மாத்திரைகள் அதைத் திரும்ப உறிஞ்சும் வாசல்களை அடைக்கின்றன. உங்கள் மாத்திரையின் உடன்பிறப்பான சிட்டலோப்ராமில் 60 மில்லிகிராம் போட்டால் அடைபடுவது சுமார் 88 சதவீதம். 20 ஆகக் குறைத்தாலும் 80 சதவீதம் அடைபட்டிருக்கும். ஐந்தரைக்கு வந்தால்கூட 60. மூளை கிட்டத்தட்ட அந்த 60 சதவீதத்தையும் இழப்பது கடைசி ஐந்தரையைக் கீழே வைக்கும்போதுதான். ‘ரொம்பக் குறைந்த டோஸ்தானே, சட்டென்று நிறுத்தலாம்’ என்று நாம் நினைக்கிற இடம்தான் மிகச் செங்குத்தான இடம்.

வீடு கட்டும்போது பார்த்திருப்பீர்கள். தளம் போட்டபின் சென்ட்ரிங் பிரிக்கிற நாளைக் கொத்தனார்தான் முடிவு செய்வார். ஒவ்வொரு முட்டாக எடுத்து, அண்ணாந்து பார்த்து, அடுத்ததை எடுப்பார். உங்களுக்கு எல்லா முட்டுகளையும் ஒரே நாளில் தட்டிவிட்டார்கள்.

அடிமை என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உங்களை மிகவும் வதைத்திருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. போதைக்கு அடிமையானவருக்கு இன்னும் வேண்டும் என்ற தவிப்பு இருக்கும், அளவு கூடிக்கொண்டே போகும். இரண்டரை வருடத்தில் நீங்கள் ஒருநாளாவது இரண்டாவது மாத்திரைக்கு ஏங்கினீர்களா? உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு விஷயம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டனோலாலையும், நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள். அவற்றைச் சாப்பிடும் பெரியவர்களை நம் வீட்டில் யாரும் அடிமை என்பதில்லை. மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். அவர் மாத்திரை டப்பாவிலும் அப்படி ஒன்று இருக்கலாம்.

கனவுகளுக்கு வருகிறேன். இந்த வகை மாத்திரைகள் கனவு காணும் தூக்கத்தை அமுக்கிவைப்பவை. நிறுத்தியதும் அமுங்கியிருந்தது திமிறிக்கொண்டு வரும். கனவுகள் அதிகமாகும், நிறம் கூடும், விழித்தபிறகும் கண்ணில் நிற்கும். எனக்குப் பதினைந்து வருடம் முன்பு இடித்த எங்கள் பழைய வீடு ஓடு ஓடாக வந்தது. உங்களுக்கு அப்பா வருகிறார். வேறு யார் வருவார்? விடைகொடுக்க முடியாமல் போனவர் அவர்தானே. அவர் வருவது கோபத்தால் என்று நான் நம்பவில்லை. திதி கொடுத்தால் உங்கள் மனசு ஆறும் என்றால் கொடுங்கள், நல்ல காரியம்தான். ஆனால் குற்றவாளிபோல் போய்க் கொடுக்காதீர்கள். பகலில் ஒருநாள் அப்பாவைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் பேசுங்கள். அவருக்கு என்ன பிடிக்கும், உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்றெல்லாம். இரண்டரை வருடம் நீங்கள் அழவே இல்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தூக்கத்துக்கு என்று ஒரு பயிற்சி இருக்கிறது. ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் சொன்னது அதன் வேர். படுக்கையில் விழித்துக் கிடந்து கிடந்து, படுக்கையைப் பார்த்தாலே விழித்துக்கொள்ள உடம்பு பழகிவிடுகிறது, அதனால் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிடு, கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் போ என்றார் அவர். இன்று இதோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்து முறையான சிகிச்சையாகத் தருகிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று 2016இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பே பரிந்துரைத்தது. உங்கள் நிலைமைக்கு இரண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையும். படுக்கையறையில் கடிகாரமும் போனும் வேண்டாம். மணி பார்ப்பதும் ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் பாக்கி’ என்று கணக்குப் போடுவதுமே தூக்கத்தைக் கொன்றுவிடும். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். தூங்காத மறுநாள் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள், பேருந்தில் போங்கள்.

எழுந்து வந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த மாதம் எங்கள் அம்மா என்னோடு இருந்தார். முதல் சில நாள் நான் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு ஜீரோ வாட் பல்பின் கீழே ஒரு முறத்தில் உளுந்தைக் கொட்டி வைத்துவிட்டு, “கல் கிடக்கு, பொறுக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஏன் தூங்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த வெளிச்சத்தில் கல் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் எடுக்க வேண்டும். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் போயிற்று. அதற்குப்பின் இரவுக்கு ஒரு முறம். உளுந்து முடிந்து துவரை, துவரை முடிந்து புளி ஆய்ந்தேன். பால் வண்டி வரும்வரை உட்கார்ந்திருந்த இரவுகளும் உண்டு. பன்னிரண்டு மணிக்கே சொக்கி விழுந்த இரவும் ஒன்று வந்தது. மறுநாள் மறுபடி கெட்டது. அலைபோலத்தான் குறையும் எஸ். ஒரு நல்ல இரவுக்குப் பின் ஒரு மோசமான இரவு வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நாத்தனார் கொடுத்த அல்பிரசோலத்தை இனித் தொடாதீர்கள். அன்றிரவு அது நிச்சயம் தூங்கவைக்கும், அதுதான் சிக்கலே. சில வாரம் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும். பிறகு நிறுத்தினால் வருவதும் இதே தூக்கமின்மையும் இதே படபடப்பும்தான், பல மடங்காக. ஏழெட்டு நாள் போட்டதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். (மாதக்கணக்கில் தினமும் அதைச் சாப்பிடும் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று நிறுத்துவது வலிப்பில்கூடக் கொண்டுவிடும்.)

மாத்திரையை மறுபடி தொடங்குவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குறைந்த அளவில் திரும்பத் தொடங்கி, நிலைத்தபின் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைப்பது ஒரு வழி. பிரிட்டனின் மனநல மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் 2020இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியும் இப்படிப் படிப்படியாகக் குறைப்பதைத்தான் சொல்கிறது. ஆறு வாரம் தாண்டிவிட்டீர்கள், கரண்ட் வெட்டும் நின்றுவிட்டது, அதனால் மாத்திரை இல்லாமலே பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னாலும் சொல்வார். ஆனால் விடியற்காலை எண்ணத்தையும் கேட்டபிறகே அவர் அதைச் சொல்ல வேண்டும். மறுபடி தொடங்கச் சொன்னால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். இதற்கு உங்களை ஏமாற்றாமல் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நீண்ட காலம் மாத்திரை சாப்பிட்டு நலமாக இருந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2021இல் வெளியிட்டார்கள். மாத்திரையைக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம். நிறுத்துவதில் ஆபத்து உண்டு என்பது இதில் தெரிகிறது. நிறுத்தியவர்களில் மீதி 44 சதவீதம் பேருக்கு அந்த ஒரு வருடத்தில் அது திரும்பவில்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று இந்த ஆறு வாரத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சரியாக நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இன்னும் கிடைக்கவே இல்லை.

மனத்திடம் பற்றி நான் என்ன சொல்ல? ஆறு வாரம் தூங்காமல் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரை தொடங்கியது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கியது, கடைசி மாத்திரை, முதல் வெட்டு, அல்பிரசோலம் போட்ட நாட்கள், அந்த விடியற்காலை. அதைப் பார்க்காமலே சீட்டு எழுத ஆரம்பித்தால், பொறுமையாக ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் பார்க்காவிட்டால் வேறு மருத்துவரிடம் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கேயும் போகலாம். கணவரையும் கூட்டிப் போங்கள்.

போய்வந்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.